மூக்காயியின் விரலும் என் காதும்

பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னோடு பேச வேண்டுமென்றால் முன்னால் வந்து நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கிழவிக்குத் திமிரு" என்று போய்விடாதீர்கள். திமிர் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் அது இல்லை. எனக்குக் காது போய் ரொம்ப வருடம் ஆகிறது. காது போன பிறகும் நான் பிரசவம் பார்த்தேன். அது எப்படி என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். கேட்டவளுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதித் தருகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் போடியில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். ஒரே ஒரு டாக்டரம்மா, நாங்கள் மூன்று பேர், பத்துக் கட்டில். வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி, அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் இருக்கும் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு. மலைக்காய்ச்சல் ஆளை விடாத காலம் அது. நானே நாலைந்து தடவை படுத்து எழுந்து கொய்னா மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன். என் காது கொய்னாவால் போனதா, எங்கள் அப்பா வழியில் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. கொலுசு போனது, கொதிக்கிற தண்ணீர் போனது. பிறகு பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் முனகுவது போனது. வலது காதில் ஒரு இரைச்சல் வந்து குடியேறியது, மழை பெய்கிற தகரக் கூரையின் கீழே இருப்பது மாதிரி. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவும் படிக்கிற தம்பியும் என் சம்பளத்தில் இருந்தார்கள். செவிட்டு மருத்துவச்சியை யார் வைத்துக்கொள்வார்கள்?

மறைப்பதில் நான் கெட்டிக்காரி ஆனேன். சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தேன். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன் நானே பேசிக்கொண்டிருந்தேன். "வலி எப்போதிருந்து?" என்று கேட்டால் பதில் நீளமாக வரும், அதனால் "காலையிலிருந்தா?" என்று கேட்பேன், தலையை ஆட்டினால் போதும். உதட்டைப் படிக்கவும் மெல்ல மெல்லப் பழகினேன். "நர்சம்மா இப்போ கண்ணைப் பாத்துப் பேசுறாக, எம்புட்டு அக்கறை" என்று தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அதுவும் பின்னால் எனக்குத் தெரியவந்ததுதான்.

ஆனால் மறைக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. உங்களிடம் இருக்கும் மெஷின் எல்லாம் அப்போது கிடையாது. ஒரு சாண் நீளத்தில் மரக்குழல் ஒன்று தருவார்கள். விரிந்த முனையை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்தினால் உள்ளே பிள்ளையின் இதயம் அடிப்பது கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணி நோட்டில் எழுத வேண்டும். நூற்று இருபதிலிருந்து நூற்று அறுபதுவரை இருந்தால் பிள்ளை சுகம். வலது காது போனதும் இடது காதுக்கு மாறினேன். இடது காதிலும் அந்தச் சத்தம் ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது. கேட்காத நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நூற்று நாற்பது என்று எழுதினேன்.

வாசிக்கும்போது முகத்தைச் சுளிக்கிறீர்கள் அல்லவா, சுளியுங்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அப்போது மனசுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். வயிறு வளர்ந்திருக்கிறது, தாய் நன்றாக இருக்கிறாள், நூற்று நாற்பதுதான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது என்று. பல மாதம் எந்தக் கெடுதலும் வரவில்லை. கெடுதல் வராததை நான் என் திறமை என்று நினைத்தேன்.

அப்படியிருக்கும்போது மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பவுன்தாய் என்பவளுக்கு வலி கண்டது. நான் சுற்றுக்குப் போயிருந்த நாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் கடைசி அறை. துணைக்கு மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். ஏலக்காய் எடுக்கிறவள், நாற்பது வயதிருக்கும். லயத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் வெந்நீர் போட அவள்தான் வருவாள். வாய் சும்மா இருக்காது. கையும் சும்மா இருக்காது.

குழலை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்றும் இல்லை. அன்று காலையில்தான் போடியில் ஒருத்தி வயிற்றில் குழலை வைத்தபோது என் இடது காதில் சத்தம் கேட்டிருந்தது. ஆகவே என் காது சரியாக இருக்கிறது, பிள்ளைதான் சரியாக இல்லை என்று முடிவு கட்டினேன். இதைப் பாருங்கள், எண்ணிக்கையே தெரியாத நாட்களில் எல்லாம் தைரியமாக நூற்று நாற்பது எழுதியவள், அன்றைக்கு மட்டும் என் காதை முழுசாக நம்பினேன். வெளியே வந்து அவள் புருஷனிடம், "பிள்ளை தங்காதுப்பா, உள்ளேயே உயிர் போயிருச்சு. தாயைக் காப்பாத்தப் பாக்குறேன்" என்று சொன்னேன். உள்ளே இருந்தவளுக்கும் அது கேட்டிருக்கும்.

பிள்ளை பிறந்தது. துவண்டு, வெளிறிப்போய் இருந்தது. நான் எதிர்பார்த்தபடியே இருந்ததால் வேறெதையும் பார்க்கவில்லை. தொப்புள்கொடியை விரலால் பிடித்துத்தானே அறுத்தேன்? அந்த விரலுக்கு ஒரு துடிப்பு தெரிந்திருக்க வேண்டும். விரல் செவிடில்லை. ஆனால் மனசு முடிவு செய்துவிட்ட பிறகு விரல் என்ன சொன்னாலும் ஏறாது. பிள்ளையைத் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தாய்க்கு ரத்தம் நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதுகில் ஓங்கி ஒரு அறை விழுந்தது. திரும்பினேன். மூக்காயி நின்றாள். அவள் வாய் வேகமாக அசைந்தது. கை மூலையைக் காட்டியது. துணிக்குள் பிள்ளையின் வாய் திறந்து திறந்து மூடியது. தூக்கினேன், வாயில் கிடந்த சளியைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், ஊதினேன். நிறம் திரும்பியது. நெஞ்சு ஏறி இறங்கியது. பவுன்தாய் இரண்டு கையையும் நீட்டினாள்.

வெளியே என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? புருஷன்காரன் என் காலில் விழுந்தான். செத்த பிள்ளைக்கு நர்சம்மா உயிர் கொடுத்துவிட்டார்கள் என்று லயம் முழுவதும் பேச்சு. ஒருத்தி திருநீறு பூசச் சொல்லித் தன் பிள்ளையைக் கொண்டுவந்தாள். நான் பேயறைந்தவள் மாதிரி நின்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜீப்பு நிற்கிற இடம்வரைக்கும் மூக்காயி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என் முன்னால் வந்து மறித்துக்கொண்டு நின்றாள். "தாயி, புள்ளை நாலு தடவை அழுதுச்சு. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறந்தேன் அடிச்சேன். உங்களுக்குக் கேக்கலைல்ல?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேக்கலை மூக்காயி" என்றேன். அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகச் சொன்னது ஒரு காய் எடுக்கிறவளிடம். அவள் என்னைத் திட்டவில்லை, பரிதாபமும் படவில்லை. "அடி ஆத்தாடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நூற்று நாற்பதையும் சேர்த்துத்தான். அவர் எழுந்து, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தால் அவர் எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை பொங்கியது. "வேலையை விட்டுர்றேன்மா" என்றேன்.

அவர் மேசையில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்து எழுதி நீட்டினார். யாரோ எனக்காக எழுதிக் காட்டியது அதுதான் முதல் தடவை. 'காது போனது குற்றம் இல்லை. நூற்று நாற்பது குற்றம்' என்று இருந்தது. பிறகு என் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினார். இனி நான் தனியாக எந்தப் பிரசவமும் பார்க்கக் கூடாது. குழலை வேறொருவர்தான் வைக்க வேண்டும். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அது யார் காதில் கேட்டது என்றும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக, "பவுன்தாய்கிட்ட உண்மையைச் சொல்லிரு. அது உன் சோலி. உனக்காக நான் போய்ச் சொல்லமாட்டேன்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அதை மட்டும் செய்யவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரத்தில் எதற்கு என்று வந்துவிட்டேன். அப்படியே ஆறு மாதம் ஓடியது. அதற்குள் அந்தக் கதை மெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவி, பிள்ளை ஒருநாள் முழுக்கச் செத்துக் கிடந்தது என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. புகழ்ச்சி இனிப்பாகவும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் டாக்டரம்மா தோட்டத்து முதலாளியிடம் பேசி, நான் வருகிற நாட்களில் மூக்காயிக்குக் காய் எடுப்பிலிருந்து விடுதலை, கூலி மட்டும் அதே கூலி என்று ஏற்பாடு செய்தார். அவளுக்குக் காது பாம்புக் காது. குழலில் எல்லாமே கேட்கும். ஆனால் என்னிடம் எப்படிச் சொல்வாள்? எண்ணிச் சொல் என்றால் இருபதுக்கு மேல் தடுமாறினாள். "டொப்பு டொப்புன்னு ஓடுது தாயி" என்பாள். எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டால், "மான் மாதிரி" என்பாள். மானை நோட்டில் எழுத முடியுமா? இரண்டு பேருக்கும் எரிச்சல் வந்தது. ஒருநாள் சண்டையே போட்டுக்கொண்டோம். "எனக்கு எண்ணத் தெரிஞ்சா நான் எதுக்கு அட்டைக் கடியில காய் எடுக்கப் போறேன்?" என்று கத்தினாள். கத்தியதால் அது எனக்குக் கேட்டது.

வழி தானாக வந்தது. ஒருநாள் குழலில் காதை வைத்திருந்தவள், கீழே சரிந்துவிடாமல் இருக்க என் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் ஆட்காட்டி விரல் என் கையில் தட்டுவது தெரிந்தது. பஜனையில் உட்கார்ந்திருப்பவர்கள் தொடையில் தாளம் போடுவது போல அவளை அறியாமலே போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எண்ணினேன். நூற்று முப்பத்தாறு. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்காரி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் எழுதினேன்: நூற்று முப்பத்தாறு, கேட்டது மூக்காயி.

அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒரு சமயம் விரல் மெதுவாகத் தட்டியது, எண்பதுதான் வந்தது. பதறிவிட்டேன். இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் அதே துடிப்பு, ஒன்றுக்கொன்று பிசகாமல். மூக்காயி கேட்டது தாயின் ரத்த ஓட்டத்தை. "அது ஆத்தாவோடது, குழலைக் கொஞ்சம் கீழே நகட்டு" என்றேன். நகர்த்தினாள். விரல் ஓடத் தொடங்கியது. அதிலிருந்து ஒரு கையில் தாயின் நாடி, மறு கையில் மூக்காயியின் விரல் என்று இரண்டையும் சேர்த்து வாங்காமல் நான் எதையும் எழுதியது கிடையாது. காது நன்றாக இருந்த காலத்தில்கூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு பகல். சுருளி என்கிறவனுடைய மனைவிக்குத் தலைப்பிரசவம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிக்குடம் உடைந்து நீர் வந்திருந்தது. பச்சையாக இருந்தது. பிள்ளை உள்ளே திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். மூக்காயி குழலை வைத்தாள். விரல் நூற்று முப்பதில் ஓடியது. வலி வந்தது. விரல் தயங்கியது, நூறு, தொண்ணூறு. தாயின் நாடி வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்தது, ஆகவே இது பிள்ளையுடையதுதான். வலி விட்ட பிறகு விரல் பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மூக்காயி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது.

இது என் கைக்குள் அடங்குகிற பிரசவம் இல்லை. போடிக்குக் கொண்டுபோனால் டாக்டரம்மா ஆயுதம் போட்டாவது எடுத்துவிடுவார். வெளியே வந்து, "சுருளி, ஜீப்பைக் கொண்டாரச் சொல்லு, போடிக்குப் போகணும்" என்றேன்.

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். "என்ன தாயி விளையாடுறீகளா? செத்த புள்ளைக்கே உசிரு குடுத்த கையி. எம்புள்ளை உசிரோடதான இருக்கு? நீங்களே பாத்துருங்க" என்றான். அவனுடைய அம்மா வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று பயம். "மகராசி, நீங்க இருக்கையில நாங்க எதுக்குப் போடிக்குப் போகணும்?" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் வாதாடினேன். கெஞ்சினேன். எதைச் சொன்னாலும் கும்பிட்டார்கள். ஆறு மாதமாக நான் வாயைத் திறக்காமல் வளர்த்த கதை அந்த வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்தது இரண்டே வழிதான். இவர்களோடு பேசிக்கொண்டே இருந்து அந்தப் பிள்ளையை விட்டுவிடலாம், அல்லது என் பெயரை விட்டுவிடலாம்.

"சுருளி, எனக்குக் காது கேக்காது" என்றேன். "பவுன்தாய் புள்ளை சாகவே இல்லை. அது உள்ளே நல்லா இருந்துச்சு. எனக்குத்தான் கேக்கலை. உசிரோட இருந்த புள்ளையைச் செத்ததுன்னு சொல்லி மூலையில போட்டேன். மூக்காயி பாத்திருக்காட்டி நானே அதைக் கொன்னிருப்பேன். நான் யாருக்கும் உசிரு குடுக்கலை. என்னை நம்பி இருந்தா உன் புள்ளையும் போயிரும், உன் பொண்டாட்டியும் போயிருவா." காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாது. நான் அவனிடம் மட்டும் சொல்வதாக நினைத்தேன். லயத்தின் எல்லாக் கதவிலும் தலைகள் தெரிந்தன.

சுருளியின் முகம் செத்துவிட்டது. அவன் சொன்னதை நான் உதட்டில் படித்தேன். எழுதும்படியான வார்த்தை இல்லை. கையை ஓங்கிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். மூக்காயி நடுவில் புகுந்தாள். "அடிக்கிறதா இருந்தா போடிக்குப் போயிட்டு வந்து அடி. நானே பிடிச்சு நிறுத்துறேன். இப்போ வெரசா ஜீப்பைக் கொண்டா!" என்று அவனைத் தள்ளினாள். அவன் ஓடினான். மாமியார் என் கையை உதறிவிட்டு வாசலிலிருந்து எழுந்தாள்.

ஜீப்பை ஓட்டியவர் மைதீன் அண்ணன், அந்த வளைவுகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ் பாடம். பின்னால் மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். இறக்கத்தில் எஞ்சின் உறுமிய உறுமலில் மூக்காயி குழலிலிருந்து தலையைத் தூக்கிக் கையை விரித்தாள். அவளுக்கும் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்குள் இருந்த எல்லோரும் அப்போது என்னைப் போல ஆகிவிட்டார்கள். சுருளி பதறிக்கொண்டு, வண்டியை நிறுத்திக் கேட்டுப் பார்க்கச் சொன்னான். மைதீன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நிறுத்தினால் கேட்கலாம். கேட்டு என்ன செய்வோம்? துடிப்பு நன்றாக இருந்தாலும் போடிக்குத்தான் போகப்போகிறோம், மோசமாக இருந்தாலும் போடிக்குத்தான் போகப்போகிறோம். "நிறுத்தாதீங்கண்ணே, போங்க" என்றேன். என் மனசு ஆறுவதற்காக அந்தப் பிள்ளையின் நேரத்தை எடுக்கக் கூடாது என்று தோன்றியது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வழி முழுவதும் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையைக் கழுவினார். நோட்டை வாங்கிப் பார்த்தார். தொண்ணூறு, கேட்டது மூக்காயி என்று இருந்தது. மூக்காயியைப் பார்த்து ஒரு தரம் தலையை அசைத்தார், அவ்வளவுதான். என்னை வாசலில் நிற்கச் சொன்னார். ஆயுதம் போட்டு எடுத்த அந்தப் பிள்ளை ஒரு பெண். வாசலிலிருந்து எனக்கு டாக்டரம்மாவின் முதுகுதான் தெரிந்தது. என் பக்கத்தில் மூக்காயி நின்றாள். பிள்ளையின் இதயத்தைத் தட்டிக் காட்டப் பழகியிருந்தோமே தவிர, அழுகையை எப்படிச் சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. அவள் என் கையை முழங்கையோடு சேர்த்துப் பிடித்து, பிய்த்துவிடுகிற மாதிரி உலுக்கினாள். எனக்குப் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சுருளி என்னை மன்னித்தானா என்று கேட்டால், இல்லை. பிள்ளையோடு மலை ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. லயத்தில் சிலர் அதற்குப் பிறகு என்னை வயிற்றைத் தொட விடவில்லை. அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் பேசுவதற்கு முன் என் தோளைத் தொட்டார்கள், வெளிச்சத்தில் வந்து நின்றார்கள், ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்னார்கள். எல்லோரிடமும் மறைத்திருந்த வரைக்கும் யாரும் எனக்கு உதவ முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலையும் போகவில்லை.

ஆனால் பாக்கி ஒன்று இருந்தது. லயம் முழுக்க நான் கத்தியதைக் கேட்டிருந்தது. பவுன்தாய் இருந்தது வேறு லயம். காற்றுவாக்கில் அவள் காதுக்குப் போயிருக்கும். ஆனாலும் அவளுக்கு நான் நேரில் சொல்லியாக வேண்டும். அடுத்த சுற்றில் போனேன். வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பையன் என் கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டினான். நான் உட்காரவில்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, நூற்று நாற்பதில் தொடங்கி மூக்காயியின் அறைவரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

அவள் வெளிச்சத்துக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நீங்க குழலை வைக்கையிலயும் உதைச்சான். உசிரு போயிருச்சுன்னு வெளியில சொன்னீகளே, அதுக்கு அப்புறமும் உதைச்சான். நர்சம்மாவே சொல்றாக, நமக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

நான் உதட்டைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று நினைத்தேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இன்னும் நிதானமாக, மறுபடியும் அதையே சொன்னாள்.